மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த மனைவியோடு சேர்ந்து உடற்பயிற்சி செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். என் மனைவிக்கு வலது பக்கம் ஆபரேஷன், அப்புறம் கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும் ஓடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறோம்.

சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது, டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார், மனைவியோ அசதி என்று படுத்தே இருக்கிறார், வற்புறுத்தவும் மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அசதி சோம்பல் இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. படுக்கப் படுக்கக் கூடும். அதற்கு மிதமான உடற்பயிற்சிதான் கேட்கும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், வாரம் மூன்று நாள் 30 நிமிட நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று செய்து வந்தால் சுமார் 12 வாரத்தில் அசதி, மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் குறைவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே 30 நிமிடம் வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள், மறுபடி ஐந்து நிமிடம். அது போதும்.

ஆனால் 'சேர்ந்து' என்றால் நீங்களும் வேர்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதில் பயன் இல்லை. சிகிச்சை நடக்கும்போது வீட்டில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் பார்த்துக்கொள்கிறவர் என்று ஆகிவிடுகிறது. சாப்பிட்டாயா, ஜுரம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே ஒரு வருஷம் ஓடிவிடும். அதே குரலில் 'வாக்கிங் போனியா?' என்று கேட்டால், அது இன்னொரு மாத்திரை நீட்டுவது போலத்தான் இருக்கும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. என் டாக்டரும் நடக்கச் சொல்லியிருந்தார். 'எனக்குத் துணைக்கு வா' என்று கூப்பிட்டபோது அவள் எழுந்து வந்தாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை நான் செய்யும்போது எதிரே நின்று எண்ணுவாள். "முட்டி முன்னாடி போகுதுங்க, இடுப்பைப் பின்னாடி தள்ளுங்க" என்று திருத்துவாள். அவள் முறை வரும்போது நான் எண்ணுவேன். அத்தனை மாதம் யாரோ சொன்னதையே கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது எனக்குச் சொல்லித் தருகிறாள். அவள் குரலில் பழைய தெம்பு திரும்பியதை நான் அங்கேதான் முதலில் கேட்டேன்.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்ரி விண்டர்ஸ்-ஸ்டோன் குழுவினர், புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த ஆண்களும் மனைவிமாருமாக 64 தம்பதிகளை எடுத்து, அதில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஜோடியாக எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒருவர்தான் பயிற்சியாளர். 2016இல் வெளியான முடிவின்படி கணவர்களுக்கு வலு கூடியது, மனைவிமாருக்கும் உடல்திறன் மேம்பட்டது. பிறகு அதே முறையை மார்பகப் புற்றுநோய்க்கும் விரித்தார்கள்.

அடுத்தது கை. நம் வீடுகளில் பெரிய பயமே இதுதான். அக்குளில் நிணநீர்க் கணுக்களை (உடலின் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்திருந்தால் கை வீங்க வாய்ப்பு உண்டு என்பதால் "அந்தக் கையில் எதையும் தூக்காதே" என்பார்கள். ஆபரேஷன் ஆன புதிதில் சரிதான். அதையே ஆயுளுக்கும் பிடித்துக்கொண்டால் தோள் இறுகிப்போகும், கை வலுவிழக்கும். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் துடுப்புப் படகு ஓட்ட வைத்தார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஆய்வு செய்தது. மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெதுவாக ஏற்றியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீர்த் தொந்தரவுகளும் குறைந்தன. தசை சுருங்கி விரியும்போது தேங்கும் நீரைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

என் மனைவிக்கு ஆரம்பத்தில் கொடியில் துணி போடக்கூடக் கை எழவில்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். விரல் தொட்ட இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். ஹால் சுவரில் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. அப்புறம் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் கட்டி இழுப்பது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்குவது. வளையல் இறுக்குகிறதா, ஜாக்கெட் கை பிடிக்கிறதா என்று தினமும் கவனியுங்கள். கை கனத்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை ஓடினால் காலையில் மூட்டு மூட்டாக வலிக்கும். வலிக்காகவே பல பேர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், விடவே கூடாது. 2015இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், நடையும் தசைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்த வலி நன்றாகக் குறைந்தது. இந்த மாத்திரைகள் எலும்பையும் மெலிய வைக்கும் என்பதால் தசைப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

தொடங்கும் முன் டாக்டரிடம் இரண்டு மூன்று விஷயம் கேளுங்கள். சிவப்பு மருந்து என்று சொல்கிற டாக்சோரூபிசினோ, டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்தோ ஏற்றியிருந்தால், அவை இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், நல்ல ஷூ வாங்குங்கள்.

உங்கள் மனைவி வெளியே வரத் தயங்குவது அசதியால் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். முடி இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது, எதிரே வருகிறவர்கள் நிறுத்தி விசாரிப்பார்கள். நாங்கள் முதலில் மொட்டை மாடியில்தான், வெயில் ஏறும் முன்னால் நடந்தோம். வேகமாக நடந்தால் செயற்கை மார்பு நகர்ந்துவிடுகிறது என்று அவளுக்குச் சங்கடம். உள்ளாடையின் உட்பக்கம் பருத்தித் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டாள், பிரச்சினை தீர்ந்தது. இதையெல்லாம் அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பதமாகக் கேட்க வேண்டும்.

அவர் முடியாது என்று சொல்லும் நாளில் விட்டுவிடுங்கள், ஆனால் உங்கள் பயிற்சியை நிறுத்தாதீர்கள். என் மனைவி அந்த நாள்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு எண்ணுவாள். சில நாள் பாதியில் எழுந்து வருவாள், சில நாள் வரமாட்டாள்.

ஆபரேஷன் எந்தப் பக்கம், கணுக்களை எடுத்தார்களா, என்ன மாத்திரை ஓடுகிறது என்று எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் பொருந்துவதைச் சொல்கிறேன்.