கிராஃபீன் விளிம்பில் ஓடும் ஒளி ஏன் திரும்பி வருவதில்லை?

விளிம்பில் வெட்டு இருந்தாலும் ஒளி சிதறாமல் போவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிராஃபீன் ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள். அதன் எலெக்ட்ரான்களோடு ஒளி பிணைந்து ஓடும் அலைதான் பிளாஸ்மான். தாளுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், உட்பகுதியில் சில அதிர்வெண்களுக்கு இடமே இருக்காது. அந்த அதிர்வெண்களில் உள்ள அலைகள் விளிம்பை ஒட்டி ஒரே திசையில்தான் ஓடும். வழியில் வெட்டு வந்தால்? சாதாரண அலைவழியில் (அலையைக் கடத்திச் செல்லும் பாதையில்) ஒரு பங்கு பின்னால் திரும்பும். இங்கே திரும்பத் தடமே கிடையாது, உள்ளே நுழையவும் முடியாது. வளைந்து சுற்றிப் போயே ஆகவேண்டும். ஒளிக்கு இந்த யோசனையை இயற்பியலாளர்கள் ஹால்டேனும் ரகுவும் 2008-ல் முன்வைத்தார்கள்; அடுத்த ஆண்டே மைக்ரோஅலைச் சோதனையில் அது மெய்ப்பட்டது.

பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: இந்தப் பாதுகாப்பு சிதறலுக்கு எதிராக மட்டுமே. ஒளி உறிஞ்சப்பட்டு வெப்பமாவதை அது தடுக்காது. பிளாஸ்மானுக்குப் பெரிய தலைவலியே அதுதான்.