பல்களப் போருக்குப் புதிய ஆயுதங்கள் மட்டும் போதுமா?

போதாது; படை இயங்கும் விதமும் மாற வேண்டும். நிலம், கடல், வான், விண்வெளி, சைபர் (கணினி வலையமைப்பு) ஆகிய ஐந்து களத் திறன்களையும் இணைத்துப் போரிடும் இந்த முறையை அமெரிக்கத் தரைப்படை 2022 அக்டோபரில் வெளியிட்ட எஃப்எம் 3-0 என்ற போர்க் கையேட்டில் கோட்பாடாகவே ஆக்கிவிட்டது.

முதலில் மாற வேண்டியது கட்டளை மையம். கூடாரம், ஜெனரேட்டர், ஆன்டெனா எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், ரேடியோ அலையை வைத்தே எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். பின்னாலேயே ராக்கெட் வரும். அதனால் மையத்தைச் சில வண்டிகளாகப் பிரித்து, கேபிள் இழுத்து ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள்.

பெரும்பாலும் சொதப்புவது தரவு இணைப்பில்தான். ட்ரோனின் மென்பொருளும் பீரங்கியின் மென்பொருளும் ஒரே தரவு வடிவத்தில் இல்லையென்றால், இலக்கின் இருப்பிட எண்களை ஒருவர் கையால் தட்ட வேண்டியிருக்கும். அதற்குள் இலக்கு நகர்ந்துவிடும். ரேடியோ அலைகளை எதிரி முடக்கும் ஜாமிங்கில் இணைப்பே அறுந்தால்? வரைபடமும் திசைகாட்டியுமாகச் சமாளிக்கப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் பயிற்சி நடத்தாத படையை நான் நவீனப் படை என்று சொல்லமாட்டேன்.