போட்ட செட்டிங் எங்கே போச்சு? விஎஸ் கோட் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் கோட் எழுதுகிறவர்கள் கேட்டவை இவை. எல்லாம் கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் பற்றியே. பெயர் சொல்லித் தேடவேண்டிய இடங்களில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும்.

திருப்பரங்குன்றம் மாணவர்: அண்ணே, டேப் சைஸ் (வரி தொடக்கத்தில் விடும் இடம்) 4 என்று வைத்திருக்கிறேன். சில ஃபைல்களில் மட்டும் 2 வருகிறது, ஏன்?

தம்பி, உங்கள் 4 பத்திரமாகத்தான் இருக்கிறது. 'டிடெக்ட் இன்டென்டேஷன்' என்ற செட்டிங் முதலிலிருந்தே ஆனில் இருக்கும். ஃபைலைத் திறந்ததும், அதில் ஏற்கெனவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்து அதையே பிடித்துக்கொள்ளும். ஆஃப் செய்தால் 4 வந்துவிடும். ஆனால் அடுத்தவர் எழுதிய ப்ராஜெக்ட் என்றால் கை வைக்காதீர்கள். ஒரே பிளாக்கில் இரண்டும் கலந்தால் பைத்தான் ஓடவே ஓடாது.

ஆஃப் செய்தும் 2 வருகிறதா? ப்ராஜெக்டுக்குள் புள்ளியில் தொடங்கும் விஎஸ்கோட் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அதில் உள்ள ஒர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸ் (அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமானவை), எல்லாவற்றுக்கும் பொதுவாக நீங்கள் வைத்த யூசர் செட்டிங்ஸை மிஞ்சும். இதற்கும் மேல் ஒன்று உண்டு: பைத்தானுக்கு மட்டும் என்று மொழி பெயர் போட்டு எழுதியது, பொதுவாக எழுதியதை மிஞ்சும். மொழிக்கானது யூசர் பக்கமும் பொதுவானது ஒர்க்ஸ்பேஸ் பக்கமும் இருந்தாலும் இதே கதைதான். என்னிடம் வரும் 'செட்டிங் வேலை செய்யலை' புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

உசிலம்பட்டியிலிருந்து: சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகிறது. ஆட்டோ சேவ் போதுமா?

'ஆஃப்டர் டிலே' வைத்தால் தட்டுவதை நிறுத்திய ஒரு விநாடியில் சேவ் ஆகும். எனக்கு அது பிடிக்காது. பாதி எழுதிய வரியைக்கூட சேவ் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மறுபடி தொடங்க வைத்துவிடும். சேவ் செய்யும்போது ஃபார்மட் ஆவதும் அந்த முறையில் நடக்காது. எடிட்டரை விட்டு வேறு இடத்துக்குப் போகும்போது சேவ் செய்யும் 'ஆன் ஃபோகஸ் சேஞ்ச்' நல்லது. சேவ் ஆகாதவற்றுக்கும் 'ஹாட் எக்ஸிட்' பின்னால் ஒரு நகல் வைத்துக்கொண்டே இருக்கும். பழைய வடிவம் வேண்டுமென்றால், ஃபைல் பட்டியலான எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே இருக்கும் டைம்லைனைத் திறங்கள். 2022-ல் வந்த லோக்கல் ஹிஸ்டரி அங்கே இருக்கிறது, கோடின் பழைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் கிட் (Git) இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

இலந்தைகுளம் ஐடி பார்க் ஊழியர்: எடிட்டர் ஊர்கிறது சார். எந்த எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்த்த வசதி) காரணம் என்று எப்படிப் பிடிப்பது?

கட்டளைப் பெட்டியில் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று தேடுங்கள். பாதி எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டு, "இப்போது சரியா?" என்று கேட்கும். உங்கள் பதிலைப் பார்த்து மறுபடி பாதி, மறுபடி பாதி. 32 இருந்தால் ஐந்தாறு சுற்றில் ஆள் சிக்கிவிடும். இவ்வளவு நல்ல வசதியை ஏன் இப்படி மூலையில் வைத்தார்களோ!

மேலூர் மாணவி: வேர்டு ஃபைலிலிருந்து ஒட்டிய கோடில் மஞ்சள் கட்டம் வருகிறது அண்ணா. எடுக்கலாமா?

வேண்டாம்மா. வேர்டு, நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றியிருக்கும். அதைத்தான் 'யூனிகோட் ஹைலைட்' காட்டிக்கொடுக்கிறது. குறியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

நண்பனின் செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே காப்பி செய்யலாமா?

வேண்டாம். அவரை செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் அட் குறி போட்டு 'மாடிஃபைடு' என்று தட்டச் சொல்லுங்கள். அவர் மாற்றியவை மட்டும் வரும். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.