சொல் கேளுங்கள்: 'கோ'வும் 'வென்ட்'டும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'சிங்' என்பதன் இறந்தகாலம் 'சாங்', 'கம்' என்பதன் இறந்தகாலம் 'கேம்'. உயிரெழுத்து மாறினாலும் முகச்சாடை தெரிகிறது. 'கோ'வுக்கு மட்டும் ஓரெழுத்துகூடப் பொருந்தாத 'வென்ட்' எப்படி வந்தது?

பதில்: 'வென்ட்', 'கோ' பெற்ற பிள்ளையன்று, தத்துப் பிள்ளை. அதைப் பெற்ற வினைச்சொல் வேறொன்று. அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 'வெண்ட்' என்று மெல்லோசையில் முடியும் அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'திரும்பு', 'திருப்பு' என்பவையே முதற்பொருள். ஒரு திசை நோக்கித் திரும்புகிறவர் அத்திசையில் நடக்கத் தொடங்குவார் என்பதால், காலப்போக்கில் 'செல்' என்ற பொருளும் அதனோடு சேர்ந்துகொண்டது. அதன் இறந்தகாலமே வல்லோசையில் முடியும் 'வென்ட்'. 'செண்ட்' என்பது 'சென்ட்' ஆவதையும், அதாவது 'அனுப்பு' 'அனுப்பினான்' ஆவதையும், 'வளை' என்ற பொருளுள்ள 'பெண்ட்' 'பென்ட்' ஆவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த உறவு விளங்கிவிடும். (தமிழ் எழுத்தில் இவற்றை வேறுபடுத்திக் காட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.)

அப்படியானால் 'கோ'வுக்குச் சொந்த இறந்தகாலம் இல்லையா என்று கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஏஓடெ' என்றொரு வடிவம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் வேறொரு வேரிலிருந்து வந்த இரவல் வடிவமே. அது தேய்ந்து வழக்கொழியத் தொடங்கியபோது, தென் இங்கிலாந்தின் பேச்சில் 'வென்ட்' அந்த இடத்திற்கு வந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெற்றது. ஸ்காட்லாந்துக்காரர்களோ இரவல் தேடாமல் 'கோ'விலிருந்தே ஓர் இறந்தகால வடிவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகள் 'கோட்' என்று பிழையாகச் சொல்வதும் ஏறக்குறைய இதே வழிதான். அதைப் பிழை என்று திருத்தினாலும், தர்க்கம் குழந்தையின் பக்கமே இருக்கிறது. பிள்ளையைத் தத்துக் கொடுத்த 'வெண்ட்' தனக்கு 'வெண்டெட்' என்று வேறொரு இறந்தகாலம் செய்துகொண்டு, 'மெல்ல வழி பிடித்துச் செல்லுதல்' என்னும் ஒரே தொடரில் இன்று ஒதுங்கி வாழ்கிறது.

அடிக்கடி புழங்கும் சொற்களில்தான் இத்தகைய கலப்பு நேர்கிறது. 'ஆம்', 'இஸ்' ஆகியவை ஒரு வேரிலிருந்தும், 'வாஸ்' இன்னொரு வேரிலிருந்தும், 'பீ' மூன்றாவது வேரிலிருந்தும் வந்து ஒரே வினையாகக் குடித்தனம் நடத்துகின்றன.

கேள்வி: 'ஹி ஹேஸ் கான் டு லண்டன்', 'ஹி ஹேஸ் பீன் டு லண்டன்' ஆகிய இரண்டையும் 'அவர் லண்டனுக்குப் போயிருக்கிறார்' என்றே மொழிபெயர்க்கிறேன். சரிதானா?

பதில்: தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, ஆங்கிலம் கொடுப்பதில்லை. 'கான்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவரைத் தேடி வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லும் விடை அது. 'பீன்' என்றால் எப்போதோ போய்த் திரும்பிவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தம்மைப் பற்றி 'ஐ ஹேவ் கான் டு லண்டன்' என்றால், லண்டனில் இருப்பவர் இங்கே எப்படிப் பேசுகிறார் என்று கேட்பவருக்குத் தோன்றும். ஆகவே முதல் வாக்கியத்தை 'போயிருக்கிறார்' என்றும், இரண்டாவதை 'போய் வந்திருக்கிறார்' என்றும் பிரித்து எழுதுங்கள். இங்கேயும் 'கோ' தன் வேலையை 'பீ' வினையிடம் ஒப்படைத்துவிட்டதைக் கவனியுங்கள்.

கேள்வி: 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்கிறார்களே, மழை எங்கே போகிறது?

பதில்: 'மழை பெய்யப் போகிறது' என்று நாம் சொல்லும்போது அது எங்கே போகிறதோ, அங்கேதான்! ஒரு செயலைச் செய்வதற்காக ஒருவர் உண்மையிலேயே நடந்து போவதைக் குறித்த தொடர், முதலில் அவருடைய எண்ணத்தையும், பிறகு வரப்போகும் எதனையும் குறிக்கலாயிற்று. அதன் பின்னர் கால் இல்லாத மழைக்கும் அது பொருந்தியது. தொடர்பே இல்லாத இரு மொழிகள் தனித்தனியே இந்த வழியில் நடந்திருக்கின்றன. 'பால் கெட்டுப் போயிற்று' என்பதற்கு ஆங்கிலத்தில் 'த மில்க் வென்ட் பேட்' என்பதும் அப்படித்தான். அங்கேயும் பால் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.