தள்ளுவண்டி உயரத்தில் ஈயம்

வணக்கம் அக்கா,

ஹேக் நகரில் படிக்கிறேன். ஐரோப்பிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஆலோசனை மன்றங்கள் 1993இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கின. அதன் அலுவலகம் இங்கேதான். கூடுகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். ஒருவருக்கும் சட்ட அதிகாரம் இல்லை. வெறும் பேச்சுக் கச்சேரிதானே? இதில் தமிழர் யாரும் இருக்கிறார்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தமிழர் கணக்கை விடுங்கள், அது இங்கே விஷயமே இல்லை. ‘பேச்சுக் கச்சேரி’ என்றீர்களே, அதுதான் சுட்டது. போன வாரம் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனபோதிருந்து எனக்கு இதே நினைவுதான்.

1982இல் லண்டனில் என் மகளுக்கு ஒரு வயது. சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களின் புகைக்குழாய் சரியாக அவள் முகத்துக்கு நேரே வரும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று அந்த வருஷம் ஓர் இயக்கமே கிளம்பியது. துண்டறிக்கையைப் படித்துவிட்டு வண்டியின் மேல் துணியைப் போட்டு மூடித் தள்ளிக்கொண்டு போவேன். துணியால் என்ன ஆகும்?

அரசு அசையவில்லை. ஐரோப்பியச் சட்டமும் குறுக்கே நின்றது. லிட்டருக்கு 0.4 கிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்றது சரி. எந்த நாடும் தன் வரம்பை 0.15க்குக் கீழே இறக்கவும் கூடாது என்றது. 1983 ஏப்ரலில், ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையிலான மாசு பற்றிய அரச ஆணைக்குழு, ஆலோசனை மட்டுமே சொல்லக்கூடிய பிரிட்டிஷ் குழு, அந்தக் கீழ்வரம்பை நீக்க ஐரோப்பாவோடு பேசு என்று அரசிடம் சொன்னது. அன்றைக்கே அரசு ஏற்றுக்கொண்டது. யாருக்கு இருந்தது அதிகாரம்?

அதே வருஷம் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் நிபுணர் மன்றம் காற்று மாசால் காடுகள் பட்டுப்போவதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கார்களில் பொருத்த ஜெர்மனி விரும்பியது. ஈயம் அந்த வினையூக்கியைப் பாழாக்கும். இங்கே பிள்ளை, அங்கே மரம். 1985இல் ஐரோப்பியச் சட்டம் மாறியது. 1989 அக்டோபரிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோல் எல்லா உறுப்பு நாட்டிலும் கிடைக்க வேண்டும் என்றானது.

அப்போது கூட்டமைப்பு கிடையாது. இரண்டு நாட்டின் கவலையும் தானாக ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. நீங்கள் கேலி செய்கிறவர்கள் அந்தச் சேர்க்கையை முயன்று உண்டாக்குகிறார்கள். ஜெர்மனியின் மன்றத்தில் ஏழு பேராசிரியர்கள். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில் விவசாயியும் முதலாளியும் தொழிற்சங்கமும் சூழலியலாளரும் ஒரே மேசையில். தன் ஊரில் எங்கே வலிக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியச் சட்டம் எழுதி முடிக்கும் முன்பே அதை மற்றவருக்குச் சொல்ல இவர்களை விட்டால் யார்?

அதிகாரம் வேண்டுமாம்! கொடுத்துப் பாருங்கள், மறுநாளே அந்த நாற்காலிகளில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கோபிக்காதீர்கள் தம்பி, படிக்கிற வயதில் இந்த அவசரம் வரும். அலுவலகம் உங்கள் ஊரில்தானே, போய் ஓர் அறிக்கையை வாங்கி முழுதாகப் படியுங்கள். பிறகு எழுதுங்கள்.

அந்த அரச ஆணைக்குழுவை 2011இல் மூடிவிட்டார்கள். நிலைத்த வளர்ச்சிக்கென்று இருந்த ஆணையத்தையும் அதே வருஷம். தெருவில் ஒருவரும் இறங்கவில்லை. நானும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. என் மகளுக்கு அப்போது முப்பது வயது.