மூளைக் கட்டியும் வலிப்புக் குளிசையும்: கேள்வி பதில்

கொழும்பில் மூளை நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மருந்தாளர் நான். மருந்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, மூளைக் கட்டியுள்ள அப்பாவுக்கு வலிப்புக்கு லெவெடிராசெட்டம் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா போடுவது ஃபெனிட்டோயின். அது மலிவு. மாற்றலாமா? (வெள்ளவத்தை)

நீங்களாக மாற்ற வேண்டாம், தங்கச்சி. ஃபெனிட்டோயின் ஈரலை முடுக்கிவிடும். அதனால், கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெதசோனை ஈரல் வேகமாகக் கரைத்துவிடும். சில கீமோ மருந்துகளுக்கும் இதே கதிதான். லெவெடிராசெட்டம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே போவதால் இந்தச் சண்டை இல்லை. அப்பாவின் சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைப்பார்கள். வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்தும் நல்ல மருந்துதான். ஆனால் அதுவும் இரத்தம் உறைய உதவும் தட்டுக்களைக் குறைக்கும், டெமோசோலமைட் கீமோவும் குறைக்கும். எந்த டொக்டரிடம் போனாலும் எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

தம்பிக்குக் கட்டி இருக்கிறது, வலிப்பு வந்ததே இல்லை. முன்கூட்டியே மருந்து வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் 2000இல் அமெரிக்க நரம்பியல் கழகம் சொன்னது. 2021இல் வந்த வழிகாட்டியும் அதையே சொல்கிறது. ஒப்பரேஷனை ஒட்டிக் கொஞ்ச நாள் தந்தால், எப்போது நிறுத்துவது என்று அப்போதே கேட்டுவையுங்கள்.

குளிசை தொடங்கியதிலிருந்து அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார்.

லெவெடிராசெட்டம் சிலருக்கு இப்படிச் செய்யும். கட்டியும் டெக்ஸாமெதசோனும்கூடச் செய்யும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அம்மா. அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. அதுவரை நிறுத்த வேண்டாம்.

மூன்று மாதமாக வலிப்பு இல்லை. நிறுத்தலாமா?

இதே கேள்வி மூன்றாவது தடவை. வலிப்பு வராதது குளிசை வேலை செய்வதால். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். வெள்ளிக்கிழமை அட்டை முடிந்தால் திங்கள் வரை பார்த்திருக்காதீர்கள்.

கட்டி திரும்ப வளருமா?

ஸ்கான் படத்தோடு மகரகம புற்றுநோய் வைத்தியசாலை கிளினிக்கில் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாம்தானே?

வேண்டாம் என்று எழுதியதும் கொட்டாஞ்சேனை அண்ணா ஒருவர், "எங்கள் வீட்டில் சாவி கொடுத்ததும் நின்றது" என்று எழுதினார். அவரோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அண்ணா, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்துவர அந்த நேரம் போய்விடுகிறது. சாவியோடு நின்றால் பரவாயில்லை, அடுத்தது கரண்டி. பல்லுக்கிடையில் கரண்டி வைத்து முன்பல் இரண்டும் உடைந்த பையனுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். தகப்பன் பேச முடியாமல் பக்கத்தில் நின்றார்.

வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடி வந்தால், 1990 அம்புலன்ஸ். காசு கேட்க மாட்டார்கள்.