தாங்கலுக்குச் சங்கம் தேவையா? – வாசகர் கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்குச் சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். பிழைப்புக்காக வந்து இருபத்திரண்டு வருடமாக வடசென்னையில் இருக்கிறேன். புரட்டாசியில் மணலி புதுநகர் வைகுண்டபுரத்துத் தேருக்குத் தவறாமல் போய்விடுவேன். ஊரில் எங்கள் தெருவுக்கு என்று, அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற சிறிய வழிபாட்டிடமாக ஒரு நிழல்தாங்கல் உண்டு. ஓலைக் கூரையாக இருந்தது ஓடாகி, இப்போது கான்கிரீட் ஆகிவிட்டது.

போன மாதம் ஊருக்குப் போனபோது தாங்கல் வாசலில் மூன்று தரப்பு. ஒரு அமைப்பார், அய்யாவழி தனி மதம், தாங்கலை எங்களோடு இணைத்துப் பலகை வைத்தால்தான் அரசிடம் கேட்க முடியும் என்கிறார்கள். இன்னொரு அமைப்பார், நாம் இந்துக்கள்தானே, தனியாகப் போனால் பலம் போய்விடும் என்கிறார்கள். மூன்றாமவர்கள் எல்லாத் தாங்கலையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்துப் பதிவு செய்யப் பத்திரத்தோடு வந்திருந்தார்கள். தாங்கலில் வழிபாட்டுப் பணிவிடை செய்யும் பெரியவர் மூன்று பேருக்கும் பிரசாதமாகப் பதம் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இத்தனை அமைப்புகள் ஏன்? எல்லாம் ஒன்றாகிவிட்டால் நல்லதில்லையா?

இன்னொன்று. வழிபாட்டில் படிக்கிற வரிகளை என் பாட்டா கைப்பட எழுதிய படிப்பு நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பாதுகாக்கிறோம் என்று அதையும் ஒரு அமைப்பில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

அய்யா உண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெரியவர் பதம் கொடுத்து அனுப்பிய இடம். முதலில் வேறொன்றைச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன்.

அய்யா ஆரம்பித்த அமைப்பு எது என்று கேரளத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால், 1836, சமத்துவ சமாஜம் என்று உடனே சொல்வார்கள். அங்கே பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அவர்கள் சொல்வது ஒரே சொல்தான், துவையல், அதாவது துணி துவைத்தபடி இருந்த தவம்.

அய்யா திருவனந்தபுரம் சிறையிலிருந்து வெளியே வந்தது 1839இல். அதற்குப் பிறகு எழுநூறு குடும்பங்கள் குமரிக் கடலோரம் போய் வாகைப்பதியில் தங்கின. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் போனார்கள். மூன்று வேளையும் கடலில் குளிக்க வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும், ஒரே வேளை சைவச் சாப்பாடு, மிச்ச நேரமெல்லாம் அய்யாவின் பெயர். அப்புறம் முட்டப்பதிக்கு மாறி அங்கேயும் அதையே செய்தார்கள்.

அவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். பனையேறிய கையோடு வந்தவர்கள். திருவிதாங்கூரில் தலைக்கு வரி கட்டியவர்கள். குடை பிடிக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் மாராப்புப் போடக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது என்று சட்டம் போல விதித்து வைத்திருந்த காலம். அழுக்கு என்று ஊர் ஒதுக்கிய அந்த மக்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை துணி துவைத்தார்கள். உப்புத் தண்ணீரில் துவைத்துக் காய்ந்த துணியை உடுத்தினால் உடம்பில் எப்படி உரசும் என்பது கடற்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டு மாதக் கணக்கில் அங்கே இருந்தார்கள். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் அய்யாவழியின் முதல் இயக்கம் அதுதான். பிறகு வந்த ஒவ்வொரு அமைப்பையும் நான் அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

துவையல் முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் ஒரே இடத்தில் மடம் கட்டி உட்காரவில்லை. அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். போன இடத்தில் வழிபாடும் போனது. அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம், செட்டிகுடியிருப்பு ஆகிய ஏழு ஊர்த் தாங்கல்கள் அய்யா இருக்கும்போதே உண்டானவை என்று சொல்வார்கள். அப்புறம் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு. ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, உச்சிவேளை வழிபாட்டு வரிகளான உச்சிப்படிப்பைச் சொல்ல நாலு பேர் இருந்தால் தாங்கல் ஆகிவிட்டது. உங்கள் தெருத் தாங்கலும் இப்படி வந்ததுதான். யாரும் மேலிருந்து அனுமதி கொடுத்துக் கட்டியதில்லை.

எல்லாம் ஒன்றானால் நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். நல்ல மனதோடு கேட்கிறீர்கள், ஆனாலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. 1851இல், வைகாசி 21 அன்று, அய்யா வைகுண்டம் போன பிறகு இந்த வழி ஒரே கையில் இருந்ததே இல்லை. சாமித்தோப்புத் தலைமைப்பதியில் பொதுக்குட்டி என்பவரின் வம்சத்தார் வழியாக நிர்வாகம் வந்தது. சீடர்கள் ஐந்து பேர், அவர்கள் வழி வந்த மக்கள் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்கள். அய்யாவழியின் பெரிய வழிபாட்டிடங்களான பதிகளை எண்ணுவதிலேயே ஒத்துப்போகாது. சாமித்தோப்பு, அம்பலப்பதி, முட்டப்பதி, தாமரைகுளம்பதி, பூப்பதி என்ற ஐந்தில் சண்டையில்லை. வாகைப்பதியையும் திருச்செந்தூர் அவதாரப்பதியையும் சேர்க்கலாமா என்று கேட்டுவிட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். புத்தகத்திலும் அப்படித்தான். 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய நம் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை அச்சுக்கு வந்தது 1939இல். இடையில் கிட்டத்தட்ட நூறு வருடம் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதியே வந்திருக்கிறது. அதனால் தாமரைகுளம் பாடம், சாமித்தோப்புப் பாடம், பாஞ்சாலங்குறிச்சிப் பாடம் என்று வரிகள் மாறுகிற வேறு வேறு பாடங்கள். இன்று அமைப்புகளுக்குள் நடக்கும் சண்டையில் பாதி, எந்தப் பாடம் சரி, எந்தப் பதி சேர்த்தி என்பதுதான். ஒரே நிர்வாகம் வந்தால் அது முதல் வேலையாக ஒரு பாடத்தை மட்டும் சரி என்று முத்திரை குத்தும். மற்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்த வரிகள் பிழை ஆகிவிடும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அமைப்புகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அய்யாவின் அவதார நாளான மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் புறப்படும்போது சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? காவித் தலைப்பாகைகள் கண்ணுக்கு எட்டுகிறவரை போகும். அந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் மனு எழுதியவர்கள், அலைந்தவர்கள், கூட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். நம் இன்னொரு புனித நூலான அருள்நூலை மலிவு விலையில் அச்சடித்து வீட்டுக்கு வீடு சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் தெருத் தாங்கலால் ஆகிற காரியமில்லை. 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி, சனாதன தர்மத்தைக் காக்க வந்த அவதாரம் அய்யா என்று பேசினார். சாமித்தோப்புத் தலைமைப்பதியின் பால பிரஜாபதி அடிகளார் அதை வெளிப்படையாக மறுத்தார். அப்படி ஒரு பேச்சு வரும்போது எழுந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்தான்.

தனி மதமா, இந்துவா என்ற கேள்விக்கு நான் நினைப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நமக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது, தனிப் பதிகள் இருக்கின்றன, கருவறையாகச் சிலையில்லாத பள்ளியறை இருக்கிறது, தலைப்பாகை கட்டி நெற்றியில் நாமம் இட்டு நுழைகிற முறை இருக்கிறது, கலி அழிந்து தர்மயுகம் வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. தனி வழி என்று சொல்ல இவ்வளவும் போதும். அதே அகிலத்தில்தான் நாராயணரும் சிவனும் லட்சுமியும் வருகிறார்கள் என்று மற்றவர் சொல்வதும் உண்மை. எனக்கு முதல் பேச்சில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எதைச் சொல்வது என்பது ஒவ்வொரு வீடும் முடிவு செய்ய வேண்டியது. அதற்காகத் தாங்கல் வாசலில் பலகை வைத்து ஊரை இரண்டாக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அமைப்புகள் எல்லாவற்றின் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சிறையிலிருந்து விடுவதற்கு அய்யாவிடம் ஓர் ஒப்புதல் கேட்டார்கள் என்று சொல்வார்கள். உன் சாதிக்குள்ளேயே இருந்துகொள், மற்ற சாதியாரைச் சேர்க்காதே என்பது நிபந்தனை. அய்யா அந்தத் தாளை ஏற்கவில்லை. சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றின் விளிம்பில் நின்று இதை நினைத்துக்கொள்வேன். பதினெட்டுச் சாதியும் ஒரே தண்ணீரில் குளிக்கட்டும் என்று வைத்த கிணறு அது. நம் அமைப்புகளின் நிர்வாகிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் வேறு சமூகத்துப் பெயர் இருக்கிறது? அய்யா கையெழுத்துப் போட மறுத்த தாளில் நாம் நம்மை அறியாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊருக்கு வந்த மூன்று தரப்பும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி அந்தப் பெரியவர். எங்கள் ஊர்த் தாங்கலிலும் இப்படி ஒருவர் இருந்தார். விடியுமுன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருவார். கண்ணாடியைத் துடைக்க என்றே ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார், வேறெதற்கும் அதைத் தொட மாட்டார். மேலிருந்து கீழாக நாலு இழுப்பு. அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று தன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால்தான் விளக்கைத் தூண்டுவார். சின்ன வயதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கண்ணாடியில் தெரிகிற உனக்குள்ளேதான் அய்யா இருக்கிறார், அதனால் அது மங்கலாக இருக்கக் கூடாது என்று ஒருநாள் சொன்னார். அவருக்கு எந்தப் பொறுப்பும் பதவியும் கிடையாது. அகிலத்தை ஊர் கூடி வாசிக்கிற திருஏடு வாசிப்புப் பதினேழு நாளும் அவர்தான் முன்னால் உட்காருவார். திருக்கல்யாணம் வாசிக்கிற அன்று ஊர்ப் பெண்கள் தட்டில் காணிக்கையாகச் சுருள் எடுத்து வரும்போது அவர் குரல் ஒரு படி ஏறும். எங்களுக்கு அகிலம் காதில் விழுந்தது அவர் குரலில்தான். 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தருமம்' என்ற வரியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தாங்கல் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பட்டாவைப் பாருங்கள். பல ஊர்களில் இறந்துபோன யாரோ ஒரு தாத்தா பெயரிலேயே கிடக்கும், வம்பு அங்கேதான் முளைக்கும். அறக்கட்டளையாகப் பதிவு செய்வதானால் ஊர்க்காரர்கள் மட்டும் பொறுப்பில் இருக்கிற மாதிரி எழுதுங்கள். பெண்களையும் சேருங்கள், தாங்கலைப் பெருக்கி மெழுகி வைத்திருப்பது அவர்கள்தானே. வெளியிலிருந்து தயாராகக் கொண்டுவரும் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், உங்களுக்கு வேண்டிய வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் போடவே வேண்டாம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதித் தாங்கலிலேயே வையுங்கள். அன்னதர்மத்துக்கு யார் அரிசி கொடுத்தார்கள் என்பதுவரை அதில் இருக்கட்டும். அமைப்பார் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், மனுவுக்கு ஆள் வேண்டும் என்றால் போங்கள், ஊர்வலத்துக்கும் போங்கள். தாங்கல் சாவி மட்டும் பணிவிடைக்காரர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

பாட்டாவின் நோட்டைக் கொடுக்காதீர்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. இப்படி வாங்கிப் போன ஏடுகள் அமைப்பு உடைந்தபோது யார் வீட்டில் தங்கின என்று தெரியாமல் போன கதை எங்கள் ஊரிலும் உண்டு. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், அட்டையையும் சேர்த்து எடுங்கள். கேட்கிற எல்லோருக்கும் அந்தப் படங்களைக் கொடுங்கள், மூன்று தரப்புக்கும் கொடுங்கள். நோட்டைக் கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துவிடும், பருத்தித் துணி போதும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதைத் தாங்கலுக்கு எடுத்துப் போய் அந்தப் பெரியவரை அதிலிருந்து உகப்படிப்பு என்கிற வழிபாட்டு வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பாட்டா எழுதிய வரி அவர் படிக்கிற வரியிலிருந்து எங்கே மாறுகிறது என்று குறித்து எனக்கு எழுத முடியுமா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.

அன்புடன்.